மூன்று கிரேடு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். வீட்டில் தக்காளி ஒருவழியாகத் தீர்ந்துவிட்டதால் சென்ற வாரத்தைவிடக் கூடுதல் நலம். நீயும் உன் அறைத்தோழியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை, ஆகவே அந்தக் கடைவாய்ப் பல் என்ன ஆயிற்று என்று தனியாக எழுது. தொலைபேசியில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். அதில் எந்தச் "சரிம்மா" நிஜமாகவே சரி, எது "வேலை இருக்கு, வைம்மா" என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இங்கே நீ நடுவில் புகுந்து ஒன்றும் சொல்ல முடியாது.

அப்பாவின் முழங்காலுக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். அப்பாவும் சொல் தட்டாமல் சைக்கிள் கடை வரை நடந்து போகிறார், அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு யாராவது ஒருவருடைய வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறார். டாக்டர் நடக்கத்தான் சொன்னார், திரும்பி நடக்கச் சொல்லவில்லை என்பது அவர் வாதம். உன் அறையில் மேசையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், என் காகிதங்கள் கூடத்தில் இறைந்து கிடப்பதாக அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டிலைத் தொடவில்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகியது, அதைச் சரி செய்தவர் யார் என்பது இந்தக் கடிதத்தின் முக்கியமான செய்தி, ஆனால் அதற்கு நான் முதலிலிருந்து வரவேண்டும்.

சிறு விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் திட்டத்துக்குக் கல்லூரியிலிருந்து என்னை ஒரு வருடத்துக்கு அனுப்பியதும், நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் உனக்குத் தெரியும். பயிற்சி என்றால் என்ன என்று எனக்கு ஒரு முடிவான கருத்து இருந்தது. ஒரு தேநீர், இரண்டு பிஸ்கட், ஒரு கையெழுத்து, கடைசியில் வரிசையாக நின்று ஒரு படம். வறுமை அந்தப் படத்துக்கு வெளியே நின்று காத்திருக்கும், படம் எடுத்து முடிந்ததும் அவர்களோடேயே வீட்டுக்குப் போகும். இதைப் புள்ளிவிவரத்தோடு நிரூபித்து அறிக்கை எழுதிவிட்டு என் வகுப்பறைக்குத் திரும்புவதுதான் என் எண்ணம். பழைய விதைக் கிடங்கு ஒன்றுதான் பயிற்சிக்கூடம், தகரக் கூரை, ஒரு வெள்ளைப் பலகை, எழுதினால் எழுதாமலும் அழித்தால் அழியாமலும் இருக்கும் இரண்டு பேனா. அங்கே கூடும் விவசாயிகள் சங்கத்தில் உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர், எல்லாருக்கும் அரை ஏக்கர், முக்கால் ஏக்கர், அதில் தக்காளி. இத்தனை நாளும் வயலோரத்துக்கே வண்டியோடு வரும் வியாபாரி மேலே கிடக்கும் வெடித்த பழம் ஒன்றை எடுத்து எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டுவார், அந்த ஒரு பழத்துக்கு உண்டான விலைதான் மொத்தத்துக்கும். நல்லதும் கெட்டதும் ஒரே குவியலில் கிடக்கும்போது எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. இந்தப் பருவத்தில்தான் முதல்முறையாக எல்லாரும் சேர்ந்து, ஒரு பகலும் ஒரு இரவும் வண்டி போகிற தூரத்தில் இருக்கும் ஒரு பெரிய காய்கறி நிறுவனத்துக்கு நேராக அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் போட்ட ஒரே நிபந்தனை, தரம் பிரித்து அனுப்ப வேண்டும்.

இந்த இருபத்திரண்டு பேரில் இரண்டு பேரை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒருத்தி மைக். அவள் பேசினால் மூன்று வயல் தாண்டிக் கேட்கும் என்பதால் வந்த பெயர், அவளே அப்படித்தான் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாள், என்னைவிடப் பத்து வயது சிறியவள், இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அவள் புருஷன் கொத்தனார். வருடத்தில் எட்டு மாதம் எங்கேயோ தூரத்து ஊர்களில் யாருடைய வீட்டையோ கட்டிக்கொண்டிருப்பார். சின்னவள் அவரை ஒருமுறை "அந்த மாமா" என்று சொல்லிவிட்டாளாம். அதற்குப் பிறகுதான் மைக், இந்த ஒரு பருவம் மட்டும் போகாதே, நிலத்தில் என்னோடு நில், கூட்டாக விற்றுப் பார்ப்போம், சரி வரவில்லை என்றால் நானே பஸ் ஏற்றி விடுகிறேன் என்று அவரிடம் சண்டை போட்டு நிறுத்தி வைத்தாள். அவரும் நின்றார். ஆனால் கரண்டியும் மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் போட்ட பை வீட்டு வாசல் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அவரைக் கூட்டிப்போகும் மேஸ்திரி, மாதக் கடைசியில் ஆள் எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். இன்னொருவர் ஆமாம் பெரியவர். எதைச் சொன்னாலும் "ஆமாங்க" என்பார். மழை வருமா என்றாலும் ஆமாங்க, வராதா என்றாலும் ஆமாங்க. நான் வகுப்பு எடுக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருப்பார், அதைப் பார்க்க எனக்கு மிகவும் ஊக்கமாக இருக்கும். உன்னைப் போலவே ஒருவர் என்று வைத்துக்கொள்.

இனி என் பெருமையைக் கேள். பாடக்குறிப்பு எழுதியது நான். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று எழுதிவிட்டு அடித்தேன். மூன்றாந்தரம் என்பது நம் பேச்சில் வசவு இல்லையா, ராப்பகலாகப் பாடுபட்டு விளைவித்ததை ஒருவர் தன் வாயால் மூன்றாந்தரம் என்று சொல்வாரா என்று யோசித்து, மனம் நோகாதபடி கிரேடு ஒன்று, கிரேடு இரண்டு, கிரேடு மூன்று என்று மாற்றினேன். எவ்வளவு நுட்பமானவள் உன் அம்மா என்று பார். இரண்டு வகுப்பு எடுத்தேன், ஒவ்வொன்றின் முடிவிலும் புரிந்ததா என்று கேட்டேன், புரிந்தது என்றார்கள். நான் யார், அதை நம்புவேனா, எழுத்துத் தேர்வு வைத்தேன். தக்காளியை எத்தனை கிரேடாகப் பிரிக்க வேண்டும்? மூன்று. எதற்காகப் பிரிக்க வேண்டும்? நல்ல விலைக்காக. இருபத்திரண்டு பேரும் முழு மதிப்பெண். என் இருபது வருட ஆசிரியப் பணியில் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை என்று அப்பாவிடம் சொன்னேன், அவர்கூட அன்று வண்டி எதுவும் தேடாமல் என்னோடு முழுதாக நடந்து வந்தார்.

முதல் வண்டி ஏற்றிய இரண்டு நாளும் கல்லூரியில் ஆள் பற்றாமல் என்னைத் தேர்வு மேற்பார்வைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், கிடங்குக்குப் போக முடியவில்லை. போயிருந்தால் இந்தக் கடிதமே இருக்காது. கிளம்பிய மூன்றாம் நாள் வண்டி அப்படியே திரும்பி வந்தது. அத்தனை பெட்டியும். கூடவே ஒரு சீட்டு, "தரம் பிரிக்கப்படவில்லை". இரண்டு பயணத்திலும் குலுங்கியதில் பாதிக்கு மேல் சாறாகிவிட்டிருந்தது, டிரைவர் இறங்கியதும் வண்டியைக் கழுவ வேண்டாம், பிழிந்தால் போதும் என்றார், யாரும் சிரிக்கவில்லை. தேறிய பழத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டார்கள், என் பங்கும் வீட்டுக்கு வந்தது, அடுத்த ஒரு வாரம் அப்பா சாப்பிட உட்காரும்போது இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பதை விட்டுவிட்டு இன்றைக்கு என்ன தக்காளி என்று கேட்டார்.

அன்று மாலையே கிடங்கில் கூட்டம். நான் உள்ளே நுழையும்போது என் அறிக்கையின் முதல் வரி தானாகவே மனதில் வந்துவிட்டது, எதிர்பார்த்தபடியே பயிற்சி பயனளிக்கவில்லை என்று. அது சரியாக வந்ததில் எனக்குக் கொஞ்சம்கூட சந்தோஷம் இல்லை என்பதுதான் ஆச்சரியம். கொத்தனார் கதவோரம் நின்றிருந்தார், மைக் ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் பேசாத அந்தக் கிடங்கு கரண்ட் போனது போல இருந்தது. கிரேடு பிரித்தீர்களா இல்லையா என்று கேட்டேன். பிரித்தோம் என்றார்கள். பிரித்திருந்தால் ஏன் திரும்பி வந்தது என்றேன். அதைத்தான் நாங்களும் கேட்கிறோம் என்றார்கள். மைக்குக்கு ரோஷம் வந்து வாய் திறந்தது. "டீச்சர், நானே நின்னு பிரிச்சேன். மூணு கிரேடு. ஒண்ணுல கூட ஒரு காய் அதிகமில்ல, ஒண்ணுல கூட கொறைச்சலில்ல. வேணும்னா எண்ணிப் பாருங்க" என்றாள். ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள், சரிசமமாகப் பிரித்தோம், நம்பர் போட்டோம் என்று. எனக்கு ஏதோ இடறியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. அப்போது ஆமாம் பெரியவர் எழுந்தார். மூலையில் அடுக்கியிருந்த நீல பிளாஸ்டிக் பெட்டிகளில் ஒன்றை எடுத்து வந்து என் முன்னால் மேசையில் வைத்தார். வைத்துவிட்டு, "இதுதானுங்களே கிரேடு?" என்றார்.

மகளே, அந்தப் பெட்டியின் ஆங்கிலப் பெயர் 'கிரேட்' இங்கே எல்லார் வாயிலும் கிரேடு என்றுதான் வருகிறது. ஒரு கிரேடு தக்காளி, காலி கிரேடு, உடைஞ்ச கிரேடு. நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். மூன்று கிரேடாகப் பிரியுங்கள் என்று டீச்சர் சொன்னாள், அவர்கள் காயையும் பழத்தையும் வெடித்ததையும் புழு விழுந்ததையும் சேர்த்து, மூன்று பெட்டியில் சரிசமமாகப் பிரித்து, ஒன்று இரண்டு மூன்று என்று அழகாக நம்பர் போட்டு அனுப்பிவிட்டார்கள். தேர்வில் எழுதியது அத்தனையும் சரியான விடை. கேள்விதான் வேறு. ஒருவருக்குக்கூடவா சந்தேகம் வரவில்லை என்று கேட்டேன். "வந்துச்சு டீச்சர்" என்றாள் மைக், "எதுக்கு மூணு, நாலு போட்டா என்னன்னு வந்துச்சு. படிச்சவங்க சொல்றாங்க, அதுல ஏதோ இருக்கும்னு விட்டுட்டோம்." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைக் சிரித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள். தகரக் கூரை அதிர்ந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கிடங்கே சிரித்தது, நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன், அதில் எது சிரிப்பின் தண்ணீர் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு எழுந்து நின்று தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று சொன்னேன். இந்த வாக்கியத்தை நான் வகுப்பில் சொன்னதில்லை, வீட்டில் சொன்னேனா என்பதை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரிக்கு மறுநாள் நானே போன் செய்தேன். அறிமுகமில்லாதவரோடு போனில் பேசுவது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும், எழுதி வைத்துப் படித்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரிக்காமல் இருக்கப் பெரிதும் முயன்றார், பிறகு அடுத்த செவ்வாய் ஒரு வண்டி அனுப்புங்கள், அதுவும் கலந்து வந்தால் இந்தப் பருவத்துக்கு ஒப்பந்தம் இல்லை என்றார். மேஸ்திரி ஆள் எடுக்க வருவது அந்த வியாழன். ஆகக் கொத்தனார் வீட்டில் இருப்பாரா, பஸ்ஸில் இருப்பாரா என்பது அந்த ஒரு வண்டியைப் பொறுத்தது.

இந்தமுறை நான் பலகைப் பக்கமே போகவில்லை. எல்லாருக்கும் நடுவில் ஒரு தார்ப்பாயில் தக்காளியைக் கொட்டிவிட்டு, அந்த நிறுவனத்துக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். ஒரு பகல், ஒரு இரவு குலுங்கிப் போய் அங்கே இறங்கும்போது பழமாக இருக்க வேண்டும். உங்கள் பேச்சில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அரைமணி நேரம் அடிதடி மாதிரிப் பேச்சு. நன்றாகச் சிவந்த பழம்தான் உசத்தி, விருந்தாளிக்கு அதைத்தானே கொடுப்போம் என்று ஒரு கட்சி. அந்த விருந்தாளி உன் வீட்டுக்கு வந்தால் கொடு, நீ அவன் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது வழியிலேயே கூழாகிவிடும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் மைக்தான் கைதட்டி நிறுத்தினாள். "ஒண்ணும் வேணாம், ரெண்டும் வேணாம். நம்பரே வேணாம். எது எங்க போகுதுன்னு சொல்லுங்க, கை தானா பிரிக்கும். தூரம் போறது, பக்கம் போறது, அடுப்புக்குப் போறது" என்றாள். அவ்வளவுதான். இப்போதுதான் நிறம் திரும்பும் செங்காய், தூரம் போறது. சிவந்த பழம், பக்கம் போறது, உள்ளூர்ச் சந்தைக்கு. வெடித்தது, நசுங்கியது, அடுப்புக்குப் போறது. யாரும் யாரையும் மூன்றாந்தரம் என்று சொல்லவில்லை, யாருக்கும் மனம் நோகவில்லை, நான் இரண்டு வகுப்பும் ஒரு தேர்வும் வைத்துச் சொல்ல முடியாததை அவள் மூன்றே பேச்சில் சொல்லிவிட்டாள். பொறாமையாக இருந்தது என்று உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

தன் விளைச்சலைத் தான் பிரித்தால் எல்லாமே தூரம் போகிற மாதிரித்தான் கண்ணுக்குத் தெரியும் என்று, ஒருவருடையதை இன்னொருவர் பிரிப்பது, பெட்டியில் பிரித்தவர் பெயரை எழுதுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். திங்கட்கிழமை முழுக்கக் கிடங்கில் நடந்த கேலியை நீ கேட்டிருக்க வேண்டும். ஆமாம் பெரியவருடையதைப் பிரித்த மைக், "பெரிசு, உன் தக்காளியும் உன்னைப் போலத்தான், எந்தப் பக்கம் திருப்பினாலும் தலையாட்டுது" என்றாள். அவர் அவளுடையதைப் பிரித்தபோது பாதியை அடுப்புக்குத் தள்ளினார், ஏன் பெரிசு, இது நல்லாத்தானே இருக்கு என்று அவள் கத்த, அவர் மெதுவாக "இல்லீங்க" என்றார். கிடங்கே வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டியது. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை அங்கே யாரும் அதற்கு முன் கேட்டதில்லையாம். ஆள் பற்றவில்லை என்று என்னையும் உட்கார வைத்தார்கள், நானும் இரண்டு பெட்டி பிரித்து என் பெயர் எழுதினேன்.

செவ்வாய் வண்டி போனது. வியாழன் மதியம் நாங்கள் எல்லாரும் கிடங்கு வாசலில் நின்றிருந்தோம். மேஸ்திரியும் வந்து மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றார். கொத்தனார் தோளில் பை. மைக் அவரைப் பார்க்கவே இல்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி போனை எடுக்கவில்லை, டிரைவர் போன் அணைந்திருந்தது, ஆக வண்டியே வந்து சொன்னால்தான் உண்டு. வண்டி வளைவில் திரும்பும் முன்பே கொத்தனார் தலையை நிமிர்த்தினார். "காலி வண்டி" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் எனக்கும் கேட்டுவிட்டது. சரக்கு இருந்தால் பெட்டி சத்தம் போடாது மகளே. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கடகடவென்று, மேளம் மாதிரி, ஒரு வண்டி முழுக்கக் காலிப் பெட்டி. நான் எத்தனையோ தேர்வு முடிவுகளைப் பார்த்திருக்கிறேன், காதால் கேட்டது இதுதான் முதல்முறை. மைக் கத்துவாள் என்று எல்லாரும் அவளையே பார்த்தோம், அவள் சத்தமே இல்லாமல் போய்ப் புருஷன் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். மேஸ்திரி, அடுத்த பருவத்தில் தன் மச்சானையும் சங்கத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று ஆமாம் பெரியவரிடம் கேட்டார். பெரியவர் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

அத்தனையும் காலி என்று எழுதினேன், அது முழு உண்மை இல்லை. டிரைவர் பின்கதவைத் திறந்ததும் மூலையில் இரண்டு பெட்டி மட்டும் நிறைந்திருந்தன, "பழம், தூரத்துக்கு ஆகாது" என்று சீட்டு ஒட்டி. மைக் குனிந்து பெயரைப் படித்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிரித்தவர், டீச்சர். அதன்பிறகு அங்கே என்ன நடந்தது என்பதை என் மரியாதை கருதி எழுதவில்லை. சிரித்து ஓய்ந்ததும் மைக் பக்கத்தில் வந்து, "உங்களுக்குச் செங்காயை அனுப்ப மனசு வரல, இல்ல டீச்சர்? நல்லாப் பழுக்கட்டும், அப்புறம் போகட்டும்னு வெச்சுட்டீங்க" என்றாள். உன்னைப் பற்றி அவளிடம் நான் அதிகம் சொன்னதில்லை. தூரத்தில் ஒரு மகள் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நீ கிளம்பும்போது உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, இரண்டு வருடம் கழித்துப் போகலாம் என்று நான் பிடிவாதமாக நின்றது உனக்கு மறந்திருக்காது. கடைசியில் விமான நிலையத்தில்கூடப் பாஸ்போர்ட்டை எடுத்தாயா என்பதைத் தவிர வேறொன்றும் நான் கேட்கவில்லை. நன்றாகப் பழுத்தது தூரம் போகாது என்பது எனக்கு அப்போது தெரியாது. நீ செங்காயாகப் போனதுதான் சரி. மீதியை அங்கே போய்ப் பழுத்துக்கொள்.

ஒரு வண்டியில் வறுமை இறங்கிப் போய்விட்டது என்று நான் எழுதினால் நீயே நம்பமாட்டாய், நானும் எழுதமாட்டேன். மழை பொய்க்கலாம், நிறுவனம் மாறலாம். ஆனால் வயலோர வியாபாரி நேற்று வழக்கம்போல ஒரு வெடித்த பழத்தைத் தூக்கிக் காட்டியபோது, அது அடுப்புக்குப் போறது, அதை ஏன் காட்டுறீங்க என்று நாலு பேர் ஒரே குரலில் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்றுதான் தெரியவில்லை. கொத்தனார் இப்போது கிடங்கில் தக்காளி பிரிக்க இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை கட்டுகிறார், தூக்குக்குண்டு பிடித்து, மட்டம் பார்த்து. சின்னவள் பள்ளி விட்டு வந்து செங்கல் எடுத்துக் கொடுக்கிறாள், அப்பா அப்பா என்று அவள் கூப்பிடும் சத்தம் அம்மாவுடையதைத் தாண்டிவிடும் போலிருக்கிறது. மேடை வேலைக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தபோது நம் வீட்டுக்கு வந்து குழாயையும் அவர்தான் சரி செய்தார். கல்லூரியில் என்னை இன்னும் ஒரு வருடம் அங்கேயே விடச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அப்பா நம்பவில்லை, நகல் கேட்டார், காட்டினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடு, உன் அறைத்தோழியையும் நான் விசாரித்ததாகச் சொல். எந்த நிலத்தில் நின்றாலும் உனக்கு வேர் பிடிக்கட்டும், நல்ல மனிதர்கள் பக்கத்தில் அமையட்டும், எடுத்த வேலை உன் கைக்குப் பழகட்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். பல் டாக்டரிடம் இந்த மாதத்துக்குள் போய்விடு. போய்வந்து அவர் சொன்னதை உன் சொந்த வார்த்தையில் நான்கு வரி எழுதி அனுப்பு, சரிம்மா என்று மட்டும் எழுதினால் செல்லாது.

இப்படிக்கு,
இனி யாரிடமும் "புரிந்ததா" என்று கேட்கமாட்டாத
உன் அம்மா